ஊர்ப் பெயர் சுமந்த கிருமிகள்



சென்ற மாதம் எமது வானொலியின் உரை நேரத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் கொரோனா வைரஸ் நாட்டுக்கு நாடு எப்படி உருமாறியது என்பது பற்றிப் பேசியிருந்தேன். நேரம் போதாமையால் விடுபட்டவற்றையும் சேர்த்து எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டனர். உரை முடிந்ததும் தொலைபேசியில் வந்த நேயர் ஒருவர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். "இந்தியாவிலை தொடங்கினதை இந்தியத் திரிபு எண்டு சொன்னால் என்ன பிழை? உண்மையைத்தானே சொல்லுகினம்?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. முதலில் இந்தக் கிருமி எப்படி மாறுகிறது, ஏன் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்று பார்ப்போம்.

ஏடும் பிரதியும்

வைரஸ் எமது உடலின் உயிரணுவுக்குள் புகுந்து தன்னைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கிறது. கொரோனா வைரசின் மரபுத் தொகுதியை ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு சுவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுக்கும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும். அதுதான் பிறழ்வு. பரவிச் செல்லும் ஒரு வம்சத்தில் மாதத்துக்கு இரண்டு எழுத்துகள் வரை மாறி நிலைத்தன என்று 2020இல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. குறிப்பிட்ட சில பிறழ்வுகளைச் சேர்த்துச் சுமந்துகொண்டு தனிக் கிளையாகப் பிரிந்து பரவுவதைத் திரிபு என்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள எமக்கு வெளியே போகத் தேவையில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். அவரும் உ.வே. சாமிநாதையரும் ஊரூராக ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்தார்கள். வேறு வேறு ஊர்களில் கிடைத்த இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், இரண்டுக்கும் மூல ஏடு ஒன்றாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். கிருமி ஆய்வாளர் செய்வதும் இதுவே. லண்டனில் ஒரு நோயாளியிடமும் மட்றிட்டில் ஒரு நோயாளியிடமும் எடுத்த கிருமிகளில் ஒரே எழுத்துப் பிழைகள் இருந்தால், அவை ஒரே வம்சம் என்று அறிகிறார்கள். இப்படித்தான் கிருமியின் பயணப் பாதை வரையப்பட்டது.

கொரோனாவின் மூலச் சுவடி உலகின் பார்வைக்கு வந்தது 2020 ஜனவரி 11ஆம் திகதி. சீன விஞ்ஞானி சாங் யோங்சென் குழுவினர் வாசித்ததை, அவருடன் சேர்ந்து பணியாற்றிய சிட்னி பேராசிரியர் எட்வேர்ட் ஹோம்ஸ் இணையத்தில் வெளியிட்டார். பரிசோதனை முறைகளும் தடுப்பூசிகளும் அந்த ஒரு வெளியீட்டிலிருந்தே வேகமாகத் தொடங்கின. அடுத்த நாளே சாங்கின் ஆய்வுகூடத்தை மூடும்படி அதிகாரிகள் உத்தரவிட்டதாகச் செய்திகள் வந்தன. முந்திச் சொன்னவருக்குக் கிடைத்த இந்தப் பரிசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றில் அது மீண்டும் வரும்.

ஏன் இடத்துக்கு இடம் வேறுபட்டது?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வெறும் தற்செயல். எந்தக் கிளை முதலில் போய்ச் சேர்ந்ததோ அதுவே அந்த இடத்தில் பெருகும். எம்மவர் வாழும் நகரங்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரவர் முதலில் வந்து, பிறகு சொந்தக்காரரை அழைத்துக் குடியேறிய தெருக்களில் அந்த ஊர்ப் பேச்சே எல்லோருக்கும் பொதுப் பேச்சாகிவிடுகிறது. அந்தப் பேச்சு மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதல்ல காரணம். அவர்கள் முந்தி வந்தார்கள், அவ்வளவுதான்.

2020 கோடையில் ஸ்பெயினில் பி.1.177 என்ற கிளை தோன்றியது. இலையுதிர் காலத்துக்குள் பிரித்தானியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளில் அது பெருங்கிளையாகிவிட்டது. சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய எம்மா ஹோட்குரொப்ட் குழுவினர் இதை ஆராய்ந்து, கிருமியின் வலிமை இதற்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை, கோடை விடுமுறைப் பயணங்களே அதைக் காவிச் சென்றன என்று காட்டினார்கள்.

எமது தாயகத் தீவிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2020 மார்ச்சிலிருந்து விமான நிலையங்கள் வழமையான பயணிகளுக்கு மூடப்பட்டிருந்த இலங்கையில், ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியோடு இரண்டாவது அலை எழுந்தது. அதிலே பரவியது பி.1.411 என்ற கிளை. வேறெங்கும் அதிகம் காணப்படாததால் ஆய்வாளர் அதை இலங்கைக் கிளை என்றே குறித்தனர். ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகே, கலாநிதி சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழு இவற்றைத் தொடர்ந்து வாசித்து வந்தது.

இரண்டாவது காரணம், கிருமிக்கு உண்மையாகவே கிடைக்கும் அனுகூலம். வைரசின் மேற்புறத்தில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தால்தான் அது எமது உயிரணுவைப் பற்றிப் பிடிக்கிறது. அந்தப் புரதத்தின் 614ஆம் இடத்தில் ஏற்பட்ட டி614ஜி என்ற மாற்றம், 2020இன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெருகி, அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் உலகின் பெரும்பகுதியைப் பிடித்தது. இது ஐரோப்பியப் பயணிகளால் வந்த தற்செயலா, கிருமியின் வலுவா என்று அப்போது பெரும் விவாதம் நடந்தது. அமெரிக்காவின் பெட் கோர்பர் குழுவினர் 2020 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, ஊருக்கு ஊர் இதே மாற்றம் முந்துவதைச் சுட்டிக்காட்டியது. பின்னர் நடந்த ஆய்வுகூடப் பரிசோதனைகளும் அது இலகுவாகத் தொற்றக்கூடியது என்றே காட்டின.

இந்த இரு காரணங்களும் இலங்கையில் அடுத்தடுத்து வேலை செய்தன. தற்செயலாக நிலைகொண்ட பி.1.411 கிளையை, 2021 ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தை ஒட்டிப் பரவிய அல்பா திரிபு தள்ளிவிட்டது. அந்த அல்பாவைச் சில மாதங்களில் டெல்டா தள்ளியது. தீவுக்குள் வந்த டெல்டாவும் அங்கேயே ஏஒய்.28, ஏஒய்.104 என்ற உட்கிளைகளாகப் பெருகியது.

மூன்றாவது காரணம் விந்தையானது. தொடர்பே இல்லாத நாடுகளில், ஒரே சூழ்நிலை ஒரே பிறழ்வைத் தூக்கிவிடுகிறது. பிரித்தானியாவின் அல்பா, தென்னாபிரிக்காவின் பீட்டா, பிரேசிலின் காமா ஆகிய மூன்றும் தனித்தனி வம்சங்கள். மூன்றும் 2020இன் பிற்பகுதியில் தலைதூக்கின. மூன்றிலும் முட்புரதத்தின் 501ஆம் இடத்தில் ஒரே மாற்றம். பீட்டாவிலும் காமாவிலும் 484ஆம் இடத்திலும் ஒரே மாற்றம். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதவில்லை. ஒரே பூட்டைத் திறக்க முயன்ற மூன்று திருடர்கள் தனித்தனியே ஒரே மாதிரித் திறப்பைச் செய்துகொண்டது போன்றது இது.

484ஆம் இட மாற்றம், முன்பு நோய் வந்தவரின் உடலில் உள்ள எதிர்ப்புப் பொருட்களிலிருந்து கிருமி ஓரளவு தப்ப உதவியது. ஏற்கெனவே பெருந்தொகையானோருக்குத் தொற்று வந்த இடங்களில் இப்படிப்பட்ட கிருமிக்கே அனுகூலம் அதிகம். அமேசன் காட்டு நகரமான மனாவுசில் 2020 ஒக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேர் தொற்றுக்கு உள்ளாகியிருந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு கூடுதலானது என்ற விமர்சனமும் உண்டு. எப்படியிருந்தாலும், இனி இங்கே பெரிய அலை வராது என்று பலர் நம்பியிருந்த வேளையில், 2021 ஜனவரியில் காமா அந்த நகரத்தைச் சூறையாடியது. வைத்தியசாலைகளில் ஒட்சிசன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத்திணறி இறந்த செய்திகள் உலகை உலுக்கின.

கண்ட இடமும் பிறந்த இடமும்

நேயரின் கேள்விக்கு இப்போது வருவோம். ஒரு திரிபு முதலில் காணப்பட்ட இடம்தான் அது பிறந்த இடம் என்று சொல்லிவிட முடியுமா?

காமாவை முதலில் இனங்கண்டு அறிவித்தது பிரேசில் அல்ல, யப்பான். 2021 ஜனவரி 2ஆம் திகதி அமேசன் பகுதியிலிருந்து டோக்கியோ விமான நிலையத்தில் வந்திறங்கிய நால்வரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களின் பயணச் சீட்டு தெளிவாக இருந்ததால் யாரும் அதை யப்பானியத் திரிபு என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாத் திரிபுகளுக்கும் அப்படிப் பயணச் சீட்டு இருப்பதில்லை. கூடுதலாகக் கிருமிகளை வாசிக்கும் நாட்டில்தான் கூடுதலாகத் திரிபுகள் தென்படும். பிரித்தானியா 2020 வசந்த காலத்திலேயே இதற்கென ஒரு பெரிய கூட்டமைப்பை உருவாக்கியிருந்தது. அதனால்தான் 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கென்ட் பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு மாதிரியில் அல்பா இருந்ததைப் பின்னர் கண்டுகொள்ள முடிந்தது. வாசிக்க வசதியே இல்லாத நாட்டில் தோன்றியிருந்தால் அது வேறொரு நாட்டின் பெயரிலேயே வெளிவந்திருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இதுவே நடந்தது. 1918ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகள் பத்திரிகைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினில் அந்த அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1918 மே மாதத்தில் மன்னர் அல்போன்சோவே நோயுற்ற செய்தி ஊர் அறிய வெளிவந்தது. செய்தி வந்த நாட்டை நோய் வந்த நாடாக உலகம் எண்ணிக்கொண்டது. ஆனால் 1918 மார்ச்சிலேயே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து இராணுவ முகாமில் இந்நோய் பரவிய பதிவு உண்டு. ஏறத்தாழ 5 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் அந்நோய் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறித்தது பிரித்தானிய இந்தியாவில். அங்கே மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அந்தக் கிருமியும் மாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்று அதை வாசிக்கும் வித்தை எவருக்கும் தெரியாது. மனித இன்புளுவென்சா வைரசைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். அலாஸ்காவின் உறைநிலத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒருவரின் நுரையீரலிலிருந்து யோகான் ஹுல்ற்றின் 1997இல் எடுத்துக் கொடுத்த துணுக்கும் பழைய இராணுவ வைத்தியசாலை மாதிரிகளும் உதவ, ஜெப்ரி டோபன்பேர்கர் குழுவினர் 2005இல் முழு மரபுத் தொகுதியையும் வாசித்து முடித்தனர். 2022இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் பேர்லினிலும் மியூனிச்சிலும் பெறப்பட்ட 1918ஆம் ஆண்டு நுரையீரல் மாதிரிகளை வாசித்து, முதல் அலைக் கிருமிக்கும் பிந்திய அலைக் கிருமிக்கும் இடையே வேறுபாடுகள் இருந்ததைக் காட்டினர். அறிவியல் இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஸ்பெயினின் பெயர் மட்டும் அழியவில்லை.

பெயருக்குக் கொடுத்த விலை

2021 ஏப்ரல், மே மாதங்களை எண்ணிப் பாருங்கள். டெல்டாவின் மிகப் பழைய மாதிரிகள் 2020 ஒக்டோபரில் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கிடைத்தவை. இது உண்மை. வரலாற்றை எழுதுபவர் இதை எழுதத்தான் வேண்டும். ஆனால் குறிப்பு வேறு, பெயர் வேறு. குறிப்பு புத்தகத்தில் இருக்கும். பெயரைத் தெருவில் நடக்கும் மனிதர் சுமக்க வேண்டியிருக்கிறது.

என்னோடு வேலை செய்த எம்மவர் ஒருவர் வடமராட்சிக்காரர். இந்தியாவை விமானம் மாறும்போது மட்டுமே பார்த்தவர். அந்த மே மாதத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகின. கென்ட் பகுதியிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்த வெள்ளைக்காரச் சக ஊழியரை, அல்பா பரவிய குளிர்காலத்தில் ஒருவரும் அப்படி ஒதுக்கவில்லை.

அரசுகளும் இதற்கு விலக்கல்ல. 2021 மே 3ஆம் திகதியிலிருந்து, இந்தியாவில் இருந்துவிட்டு வருபவர் தன் சொந்தக் குடிமகனாக இருந்தாலும் நாடு திரும்பினால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது 66,600 டொலர் வரை அபராதம் என்று அவுஸ்திரேலியா அறிவித்தது. மே 15இல் அந்தத் தடை நீங்கியது. ஒருவரும் சிறை செல்லவில்லை. ஆயினும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது அங்கிருந்து திரும்பிய குடிமக்களுக்கு இப்படி ஒரு தண்டனை அறிவிக்கப்படவில்லை. குடியுரிமைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் எம்மைப் போன்றோர் இதை மறக்கக்கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டிலேயே, புதிய நோய்களுக்கு ஊர், இனம், விலங்கு ஆகியவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்று வழிகாட்டியிருந்தது. அதைத் திரிபுகளுக்கும் பொருத்தி, 2021 மே 31ஆம் திகதி கிரேக்க எழுத்துகளைப் பெயராகத் தந்தது. அல்பா, பீட்டா, காமா, டெல்டா என்பவை அன்று வந்தவை.

முந்திச் சொன்னதற்குத் தண்டனை

எல்லையை மூடுவதே தவறு என்று நான் வாதிடவில்லை. முன்கூட்டியே கதவடைத்த சில தீவு நாடுகள் தடுப்பூசி வரும்வரை தாக்குப்பிடித்து உயிர்களைக் காத்தன. யாருக்கு, எந்த ஆதாரத்தில் கதவு மூடப்பட்டது என்பதே கேள்வி.

2021 நவம்பரில் பொற்சுவானாவிலும் தென்னாபிரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள், முட்புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கொண்ட ஒரு கிருமியைக் கண்டனர். பொற்சுவானாவில் அது காணப்பட்ட முதல் நால்வரும் வெளியிலிருந்து வந்திருந்த இராசதந்திரிகள். தென்னாபிரிக்கா ஒளிக்காமல் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. 26ஆம் திகதி அதற்கு ஒமிக்ரோன் என்று பெயரிடப்பட்டது. அதே நாள் நண்பகலில் பிரித்தானியா ஆறு தென்பகுதி ஆபிரிக்க நாடுகளைச் சிவப்புப் பட்டியலில் போட்டது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தொடர்ந்தன. நான்கு நாள் கழித்து நெதர்லாந்து ஒரு செய்தியை வெளியிட்டது. நவம்பர் 19, 23ஆம் திகதிகளில் தன் நாட்டில் எடுத்த மாதிரிகளிலேயே ஒமிக்ரோன் இருந்ததாம்! தென்னாபிரிக்காவின் அறிவிப்புக்கு முன்னரே அது ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டிருந்தது. டிசம்பர் 15இல் பிரித்தானியா, அதற்குள் பதினொன்றாகிவிட்ட அந்தப் பட்டியலையே நீக்கியது. விமானங்கள் நின்றதால் ஆய்வுக்குத் தேவையான இரசாயனப் பொருட்கள் வருவதே சிரமமாகிவிட்டது என்று டூலியோ டி ஒலிவேரா போன்ற தென்னாபிரிக்க விஞ்ஞானிகள் முறையிட்டனர். அடுத்த முறை ஒரு வறிய நாட்டு ஆய்வாளர் புதிய கிருமி ஒன்றைக் கண்டால், அறிவிப்பதா வேண்டாமா என்று அவருடைய அரசு தயங்குமானால், அந்தத் தயக்கத்துக்கான பாடத்தைப் படிப்பித்தவர்கள் யார்?

பிரித்தானியாவும் இந்தச் சூட்டை ஒருமுறை அனுபவித்தது. 2020 டிசம்பரில் அல்பாவை அறிவித்ததும் பல நாடுகள் கதவை மூட, பிரான்சின் 48 மணி நேரத் தடையால் டோவர் துறைமுகத்துச் சாலைகளில் ஆயிரக்கணக்கான லொறிகள் நத்தார் நேரத்தில் தேங்கி நின்றன. அந்த அனுபவம் இருந்தும் ஓராண்டுக்குள் அதையே இன்னொருவருக்குச் செய்தார்கள்.

நேயர்களே, எம்மை நாமும் பார்க்க வேண்டும். 2020 பெப்ரவரியில் சீனக் கடைகளின் வாசலைத் தாண்டிப் போனவர்களில் எம்மவரும் இருந்தனர். "அவையின்ரை சாப்பாட்டாலை வந்த வருத்தம்" என்ற பேச்சு எமது வீடுகளிலும் கேட்டது. முகத்தைப் பார்க்கும் முன் கடவுச்சீட்டைப் பார்த்து எடைபோடப்பட்ட சனம் நாங்கள். ஒரு காலத்தில் எமது பிறந்த ஊரின் பெயரே சோதனைச் சாவடியில் எம்மை இறக்கிவிடப் போதுமானதாக இருந்தது. அந்த அனுபவம் உள்ளவர்கள் இன்னொரு சனத்தின் மேல் கிருமியின் பெயரை ஒட்டுவது அழகல்ல.

ஆகவே இனி ஏதாவது ஒரு நாட்டின் பெயரோடு புதிய நோய் பற்றிய செய்தி வந்தால், பிள்ளைகளோடு இருந்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்தவர் யார்? எந்தெந்த நாடுகள் தேடிப் பார்த்தன, எவை பார்க்கவே இல்லை? அது பரவியது வலுவாலா, பயணத்தாலா? செய்தி வாசிப்பவர் சொல்லாவிட்டாலும், சற்றுத் தேடினால் விடை கிடைக்கும்.

இந்த உரை பற்றிய உங்கள் கருத்துகளை வழமைபோல எழுதியோ தொலைபேசியிலோ வானொலி நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.